உச்சிக்கு 200 மீட்டர் கீழே திரும்பிவிட்டேன்: எனக்கு மனவலிமை இல்லையா?

நொய்யல்கரை | ஆகஸ்ட் 17, இரவு 10:12

வணக்கம். ஏழு ஆண்டுகளாக இங்கே படிப்பதோடு நின்றுகொண்டவன். இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

ஜூலை இறுதியில் லடாக்கில் காங் யாட்ஸே-2 ஏறச் சென்றோம். உயரம் 6,250 மீட்டர். மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக நடந்து போய், பேஸ் கேம்பில் இரண்டு இரவுகள் தங்கினோம். ஏறுபவர்கள் ஆறு பேர், வழிகாட்டிகள் இருவர், கயிறுகள் இரண்டு, அதாவது ஒரே கயிற்றில் இணைந்து ஏறும் இரண்டு அணிகள். கிளம்புவதற்கு முந்தைய மாலை மூத்த வழிகாட்டி எங்களைச் சமையல் கூடாரத்தில் உட்காரவைத்து ஒன்றே ஒன்று சொன்னார். காலை ஒன்பது மணிக்கு யார் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து இறங்கிவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

நள்ளிரவு பன்னிரண்டரைக்கு நடக்கத் தொடங்கினோம். பனிச்சரிவு வந்ததும் காலணிக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு கயிற்றில் இணைந்தோம். முதலில் இருபது அடி நடந்து மூச்சு வாங்கினேன். பிறகு பத்து அடி. விடிந்தபோது ஐந்து அடிக்கு ஒரு முறை பனிக்கோடரியின் மேல் சாய்ந்து நின்றேன். ஒன்பது மணிக்கு நாங்கள் நின்ற இடம் சுமார் 6,050 மீட்டர். உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தது. முன்னால் போன கயிற்றில் என் கல்லூரி நண்பன். அவர்கள் எட்டே முக்காலுக்கே மேலே போய்விட்டார்கள். அவன் கையசைப்பது தெரிந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று வழிகாட்டியிடம் கெஞ்சினேன். அவர் பதில் சொல்லவில்லை. என் இடக்கையைச் சுட்டிக்காட்டினார். கையுறை கழன்று மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாது. கை மரத்துப்போனதும் தெரியாது. அவரே அதை மாட்டிவிட்டார், சிறு பிள்ளைக்கு மாட்டுவதுபோல. இறங்கினோம்.

ஊருக்கு வந்த பிறகுதான் வலி தொடங்கியது. நண்பன் எங்கள் குழுவில் படங்களைப் போட்டு, "மனசு வைத்திருந்தால் இவனும் வந்திருப்பான்" என்று எழுதியிருந்தான். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று வாரமாக அந்த ஒரு வரியோடுதான் தூங்கி எழுகிறேன். உண்மையிலேயே மனசு வைத்திருந்தால் போயிருப்பேனா? மலையில் மனவலிமை என்றால் என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

விடாக்கண்டன் | ஆகஸ்ட் 17, இரவு 11:03

நீங்கள் ஆறுதல் கேட்கவில்லை, கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதனால் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

உடம்பு முதலில் பொய் சொல்லும். "இனி முடியாது" என்று கால் சொல்லும்போது அதனிடம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். வெள்ளியங்கிரி ஏறிய ஒவ்வொருவருக்கும் இது தெரியும். நான் முதல் முறை ஏறியது 41 வயதில், முழங்கால் அறுவை முடிந்த இரண்டாம் ஆண்டு. நான்காவது மலையில் உட்கார்ந்துவிட்டேன். மூங்கில் தடியை ஊன்றி என்னைக் கடந்துபோன ஒரு பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். அவரைப் பார்த்து எழுந்தேன். ஏழாவது மலையில் பொழுது விடிந்தது.

டென்சிங் நோர்கேயைப் பாருங்கள். 1935இல் முதல் முறையாக எவரெஸ்டுக்குச் சுமை தூக்கிப் போனார். 1952 வசந்தத்தில் சுவிஸ் குழுவின் ரேமண்ட் லாம்பேருடன் சுமார் 8,600 மீட்டர் வரை ஏறினார். கிடைக்கவில்லை. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மறுபடியும் போனார். அப்போதும் கிடைக்கவில்லை. 1953 மே 29 அன்று நின்றது ஏழாவது பயணத்தில். அந்த லாம்பேருக்கு 1938லேயே பனிக்கடியால் கால்விரல்கள் அத்தனையும் போய்விட்டன. விரல் இல்லாத காலோடு அந்த உயரம்!

அருணிமா சின்ஹாவை 2011இல் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டார்கள். ஒரு கால் போனது. 2013 மே 21 அன்று செயற்கைக் காலோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றார். ஆக்சிஜன் குறைகிறது, திரும்பலாம் என்று ஷெர்பா சொன்னதையும் தான் மறுத்ததையும் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். இதற்கு மனவலிமை என்றல்லாமல் வேறு என்ன பெயர்?

உங்களைக் குறை சொல்லவில்லை நண்பரே. ஆனால் 200 மீட்டர் என்பது 200 மீட்டர்தான்.

---

வார்டு எண் ஏழு | ஆகஸ்ட் 18, காலை 6:20

நான் மருத்துவன். இரண்டு ஆண்டுகள் லே பகுதியில் பணி செய்தவன். மேலே உள்ள இரண்டு பதிவுகளிலும் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரி: "எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாது."

6,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. 1981இல் ஓர் அமெரிக்க மருத்துவக் குழு அந்த உச்சியிலேயே அளந்தது: 253 மில்லிமீட்டர் பாதரசம். கடற்கரையில் 760. பிராணவாயு குறையும்போது கால் தளர்வது நமக்குத் தெரிகிறது. எடைபோட்டு முடிவெடுக்கும் திறனும் கூடவே தளர்வது நமக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய உறுப்புதானே தளர்ந்திருக்கிறது!

அதனால்தான் "உடம்பு பொய் சொல்லும்" என்று விடாக்கண்டன் எழுதியதை வெள்ளியங்கிரி உயரத்தில் ஏற்றுக்கொள்கிறேன், ஆறாயிரத்தில் ஏற்க மாட்டேன். அங்கே பொய் சொல்வது மனசு. "நன்றாகத்தான் இருக்கிறேன், இன்னும் ஒரு மணி நேரம்" என்று அது சொல்லும், முழு நம்பிக்கையோடு. மூளை வீங்கத் தொடங்கியவர்கள் தெளிவாகப் பேசிக்கொண்டே தள்ளாடி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். குதிகாலை விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்வோம். நடக்க முடியாவிட்டால் அந்த நிமிடமே இறக்க வேண்டும், இரவானாலும்.

1921 முதல் 2006 வரை எவரெஸ்டில் நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. எட்டாயிரம் மீட்டருக்கு மேல் இறந்தவர்களில் பெரும்பாலோர் உச்சியைத் தொட்டு இறங்கும் வழியில் இறந்தவர்கள். குழப்பமும் தள்ளாட்டமும் அவர்களில் பலரிடம் காணப்பட்டன. மேலே போக மட்டும் போதுமான வலிமையை வைத்துக்கொண்டு ஏறினால் இதுதான் நடக்கும்.

தம்பி, உங்கள் இடக்கை விரல்கள் இப்போது எப்படி இருக்கின்றன? அதை நீங்கள் எழுதவே இல்லை.

---

நொய்யல்கரை | ஆகஸ்ட் 18, காலை 7:45

மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் நுனித் தோல் கறுத்து உரிந்தது. இப்போது தொடு உணர்வு வந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் எரிகிறது. கேட்டதற்கு நன்றி ஐயா. வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

---

குறிஞ்சித்தேன் | ஆகஸ்ட் 18, காலை 9:02

அந்த வழிகாட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் அண்ணா. ஆள் வைத்து லடாக்கி மொழியில் எழுதினாலும் சரி.

---

பழைய கயிறு | ஆகஸ்ட் 18, பிற்பகல் 3:30

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். 1979இல் டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். அப்போது அங்கே களப்பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் நவாங் கோம்பு, டென்சிங்கின் சகோதரி மகன். நொய்யல்கரை கேட்ட கேள்விக்கான பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960இல் இந்தியாவின் முதல் எவரெஸ்ட் குழு கிளம்பியது. தலைவர் பிரிகேடியர் கியான் சிங். கடைசி முகாமிலிருந்து மூன்று பேர் உச்சிக்குப் புறப்பட்டார்கள்: நவாங் கோம்பு, சிக்கிமைச் சேர்ந்த சோனம் கியாட்சோ, நரேந்திர குமார். 8,625 மீட்டர் வரை போனார்கள். இன்னும் 225 மீட்டர்கூட இல்லை. காற்று அவர்களைத் தூக்கி எறிவதுபோல வீசியது. திரும்பினார்கள். நாடு முழுவதும் செய்திக்காகக் காத்திருந்தது. புதிய நாடு, முதல் முயற்சி. அந்தச் சுமையையும் முதுகில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

1962இல் இரண்டாவது குழு, தலைவர் ஜான் டயஸ். இந்த முறை உச்சிக்குப் போனவர்கள் சோனம் கியாட்சோ, மோகன் சிங் கோலி, ஹரி டாங். கியாட்சோவுக்கு இது இரண்டாவது முறை. சுமார் 8,720 மீட்டர். மீதம் 130 மீட்டருக்கும் குறைவு. உச்சி முகாமிலேயே மூன்று இரவுகளைக் கழித்த உடம்பு, தீர்ந்துகொண்டிருந்த ஆக்சிஜன், காற்று. மறுபடியும் திரும்பினார்கள்.

நொய்யல்கரை, உங்கள் 200 மீட்டரை இந்த 130 மீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அந்த உயரத்திலிருந்து திரும்பிய கியாட்சோவின் நெஞ்சுக்குள் என்ன இருந்திருக்கும்?

1965இல் மூன்றாவது குழு. தலைவர் கோலி, ஆம், 1962இல் திரும்பியவரேதான். துணைத் தலைவர் நரேந்திர குமார், 1960இல் திரும்பியவர். இடையில் 1961இல் நீல்கண்ட் மலையில் அவர் கால்விரல்களை இழந்திருந்தார். ஏப்ரல் கடைசியில் குழு மேலே போனது. வானிலை கெட்டது. முழுக் குழுவையும் கோலி பேஸ் கேம்புக்கு இறக்கினார். அங்கே உட்கார்ந்து வாரக்கணக்கில் வானொலியில் வானிலை அறிக்கை கேட்டார்கள். வேறு ஒன்றும் செய்வதற்கில்லை.

பிறகு மே 20 அன்று அவதார் சிங் சீமாவும் கோம்புவும் உச்சியில் நின்றார்கள். 1963இல் அமெரிக்கக் குழுவோடு ஏற்கெனவே ஏறியிருந்த கோம்பு, எவரெஸ்டை இரு முறை தொட்ட முதல் மனிதரானார். மே 22: சோனம் கியாட்சோவும், லடாக்கைச் சேர்ந்த இளைஞர் சோனம் வாங்கியாலும். கியாட்சோவுக்கு அப்போது 42 வயது. மூன்றாவது முறை. மே 24: வோராவும் ஆங் காமியும். மே 29: அலுவாலியா, ராவத், பூ டோர்ஜி. மொத்தம் ஒன்பது பேர். ஒரே குழுவிலிருந்து ஒன்பது பேர் என்ற அந்தச் சாதனை பதினேழு ஆண்டுகள் நிலைத்தது.

தலைவர் கோலி உச்சிக்குப் போகவில்லை. 130 மீட்டர் தொலைவில் பார்த்துவிட்டு வந்த மனிதர், அடுத்த முறை கீழே இருந்துகொண்டு மற்ற ஒன்பது பேரை அனுப்பினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னும் ஒன்று. மே 29 அன்று உச்சியில் நின்ற அலுவாலியா நான்கே மாதத்தில், செப்டம்பரில் நடந்த பாகிஸ்தான் போரில், குண்டடிபட்டுத் தண்டுவடம் சிதைந்தார். வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலி. அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் டெல்லியில் தண்டுவடக் காயத்துக்கென ஒரு மருத்துவமனையைக் கட்டி எழுப்பினார். மனவலிமை என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் ஏறிய உச்சி நினைவுக்கு வருவதில்லை. அந்த மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது.

---

விடாக்கண்டன் | ஆகஸ்ட் 18, இரவு 8:15

பழைய கயிறு ஐயா, இந்தப் பதிவை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். மனமார்ந்த நன்றி.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். கியாட்சோவின் கதை திரும்பிய கதை அல்ல, மூன்றாவது முறை போன கதை. இரண்டு முறை திரும்பியதோடு அவர் நின்றிருந்தால் இன்று நாம் அவர் பெயரைச் சொல்லியிருப்போமா? அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதுதானே இங்கேயும் நடந்திருக்கிறது?

இன்னொரு அச்சமும் இருக்கிறது. திரும்பி வருவதைப் புகழ்ந்துகொண்டே போனால், முதல் களைப்பிலேயே திரும்புகிறவர்களும் அதைப் போர்வையாகப் போர்த்திக்கொள்வார்கள். இருபது ஆண்டுகளாக விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். "சார், உடம்பு சொல்கிறது" என்று மைதானத்தின் இரண்டாம் சுற்றிலேயே உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நியாயமான திரும்பலையும் சோர்வுத் திரும்பலையும் எதை வைத்துப் பிரிப்பது? அதை யாராவது சொல்லுங்கள்.

---

நீலமலைச்சாரல் | ஆகஸ்ட் 19, காலை 5:50

விடாக்கண்டன் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதற்காக ஒரு பழைய தோல்வியைச் சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாததை.

உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படை, உயர்நிலை இரண்டு பயிற்சிகளையும் முடித்த அடுத்த ஆண்டு, உத்தராகண்டின் கர்வால் பகுதியில் ஒரு சிகரத்துக்குப் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவாகப் போனோம். உச்சி நாளில் வானம் கண்ணாடிபோல இருந்தது. நேரம் கையில் இருந்தது. கால்கள் நன்றாக இருந்தன. நடுவில் கூர்மையான பனி முகடு ஒன்று வந்தது. இரு பக்கமும் சரிவு. "எனக்குத் தலை சுற்றுகிறது" என்றேன். அது பொய். பயம். எனக்காக என் கயிற்றில் இருந்த இன்னொருத்தியும் திரும்பினாள். அவள் அதன் பிறகு மலைக்கு வரவே இல்லை. திருமணம், குழந்தைகள், வேலை. அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே உச்சியை நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் இரண்டு வகைத் திரும்பலையும் உள்ளிருந்தே தெரிந்தவள் நான். எனக்குப் பிடிபட்ட வேறுபாடு இதுதான்: கீழே, வயிறு நிறைந்து, தெளிந்த தலையோடு போட்ட விதிப்படி மேலே திரும்பினால் அது சோர்வல்ல. மேலே போன பிறகு புதிதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துத் திரும்பினால், அந்தக் காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும். இது இரு பக்கமும் வெட்டும். மேலே போன பிறகு புதிதாகக் காரணம் கண்டுபிடித்து ஏறினாலும் அதைச் சந்தேகிக்க வேண்டும். "இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள்" என்பது அப்படிப்பட்ட காரணம், தம்பி. ஒன்பது மணி என்று சமையல் கூடாரத்தில் தலையாட்டியது நீங்கள்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு ஒவ்வொரு மலைக்கும் முன்னால் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்கிறேன். எத்தனை மணிக்குத் திரும்புவேன், காற்று எப்படி இருந்தால் திரும்புவேன், எனக்கு எது பயம், அது வந்தால் எத்தனை அடி அதையும் தாண்டி நடப்பேன் என்பது உட்பட. பனி முகடு வந்தால் முப்பது அடி நடந்த பிறகே பேசலாம் என்று எழுதியிருக்கிறேன். முப்பது அடி நடந்தால் பெரும்பாலும் பயம் பழகிவிடும்.

மனவலிமை என்று உச்சி நாளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். என் அனுபவத்தில் அது தேவைப்படுவது கூடாரத்தில். புயல் நான்கு நாள் அடிக்கும். நான்கு பேர் ஒரே கூடாரத்தில். ஈரக் காலுறை நாற்றம். பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்ச யாராவது அந்தக் குளிரில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஒரு பாத்திரம் பனி உருகினால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். குமட்டிக்கொண்டு வந்தாலும் உப்புமாவை விழுங்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவள் இருமுவதைக் கேட்டு எரிச்சல்படாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் படம் எடுப்பதில்லை. ஐந்தாம் நாள் வானம் திறக்கும்போது யார் உச்சிக்குப் போவார்கள் என்பது இந்த நான்கு நாளில் முடிவாகிவிடுகிறது. பழைய கயிறு ஐயா சொன்ன 1965 குழுவின் காத்திருப்பைப் படித்தபோது எனக்கு அந்த அடுப்பின் சத்தம் கேட்டது.

---

தாராபுரத்தான் | ஆகஸ்ட் 19, காலை 8:11

"எனக்கு எது பயம், அது வந்தால் எத்தனை அடி நடப்பேன்." இதை என் மேசைமேல் எழுதி ஒட்டிவிட்டேன் அம்மா. நான் மலையேறுகிறவன் அல்ல, கடன் கட்டிக்கொண்டிருப்பவன்.

---

பழைய கயிறு | ஆகஸ்ட் 19, மாலை 4:40

> விடாக்கண்டன் எழுதியது: இரண்டு முறை திரும்பியதோடு அவர் நின்றிருந்தால் இன்று நாம் அவர் பெயரைச் சொல்லியிருப்போமா?

நியாயமான கேள்வி. ஆனால் திரும்பாமல் போயிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1996 மே 10 எவரெஸ்டில் கறுப்பு நாள். டக் ஹான்சன் என்ற அமெரிக்க அஞ்சல் ஊழியர் அதற்கு முந்தைய ஆண்டு உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே திருப்பி அனுப்பப்பட்டவர். அப்போது திருப்பி அனுப்பியவர் நியூசிலாந்தின் ராப் ஹால், கண்டிப்புக்குப் பெயர்போன வழிகாட்டி. 1996இல் ஹான்சன் மறுபடியும் வந்தார். திரும்ப வேண்டிய நேரம் பிற்பகல் இரண்டு. ஹான்சன் உச்சியைத் தொட்டபோது நான்கைத் தாண்டிவிட்டது. ஹால் இந்த முறை அவரைத் திருப்பவில்லை, காத்திருந்தார். போன ஆண்டு கிடைக்காதது இந்த ஆண்டாவது கிடைக்கட்டும் என்ற இரக்கமாக இருந்திருக்கலாம். இருவரும் உயிரோடு இறங்கவில்லை. விடாமுயற்சியில் ஹான்சனுக்கு என்ன குறை? குறையே இல்லை. அதுதான் துயரம்.

அதே நாள் வடக்குப் பக்கத்தில் நம் இந்திய திபெத் எல்லைக் காவல் படையின் மூன்று வீரர்கள்: சேவாங் ஸ்மான்லா, டோர்ஜே மோருப், சேவாங் பால்ஜோர். மூவரும் லடாக்கிகள். பொழுது சாயும் வேளையில், உச்சியை அடைந்துவிட்டோம் என்று வானொலியில் சொன்னார்கள். கீழே முகாமில் கொண்டாடினார்கள். பிறகு புயல். மூவரும் திரும்பவில்லை. அவர்களோடு ஏறிய துணைத் தலைவர் ஹர்பஜன் சிங் முன்பே திரும்பியிருந்தார், அவர் பிழைத்தார். அந்த மூவரைக் கோழை என்றோ முட்டாள் என்றோ யாரும் பேசினால் நான் பொறுக்க மாட்டேன். சீருடை அணிந்தவர்கள், கொடியைச் சுமந்தவர்கள். அவர்களுடைய மன உறுதி மலைபோல இருந்தது. அந்த உயரத்தில் அந்த நேரத்தில் அது மட்டும் போதவில்லை.

நொய்யல்கரைக்கு ஒன்பது மணி என்று விதி போட்டவரும் ஒரு லடாக்கி. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை செய்தித்தாளில் படித்த கதை அல்ல.

அதே பருவத்தில் இன்னொருவரும் அங்கே இருந்தார். ஸ்வீடனின் கோரான் குரோப். ஊரிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்தவர். யாருடைய உதவியும் இல்லாமல், ஆக்சிஜன் இல்லாமல் ஏறுவது அவருடைய உறுதி. மே 3 அன்று உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே நின்று, நேரமாகிவிட்டது என்று திரும்பினார். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்து வந்த பிறகு! மே 23 அன்று போய் உச்சியில் நின்றார். அதற்குப் பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

---

வார்டு எண் ஏழு | ஆகஸ்ட் 19, இரவு 7:25

அருணிமா பற்றி ஒரு சொல். அவர் சாதனையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஷெர்பாவின் சொல்லை மறுத்தது அந்தச் சாதனையின் சிறந்த பகுதி அல்ல என்பது என் கருத்து. சிறந்த பகுதி மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு மலையேறுவேன் என்று முடிவெடுத்தது, பிறகு எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பாலிடம் போய்ப் பயிற்சி பெற்றது, காயம் ஆறாத காலோடு மாதக்கணக்கில் சிறு மலைகளில் பழகியது. மேடையில் கைதட்டல் ஆக்சிஜன் தீரும் காட்சிக்குத்தான் விழுகிறது. அதைக் கேட்டுவிட்டு மலைக்கு வரும் இருபது வயதுப் பிள்ளைகளை நான் ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

---

விடாக்கண்டன் | ஆகஸ்ட் 20, காலை 6:05

இரவு வெகுநேரம் யோசித்தேன். ஹான்சனின் கதை என்னை அசைத்துவிட்டது. முதல் பதிவில் "200 மீட்டர் என்பது 200 மீட்டர்தான்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கை மரத்ததுகூடத் தெரியாத ஒருவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னியுங்கள், நொய்யல்கரை.

ஆனால் ஒரு ஆசிரியனாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நண்பர் கால் மணி முன்னதாகவே உச்சியில் இருந்தார். அதே மலை, அதே காற்று, கிளம்பிய நேரமும் ஒன்று. ஒன்பது மணிக்கு நீங்கள் 200 மீட்டர் கீழே நின்றதற்குக் காரணம் அன்று காலை உங்கள் மனசில் இல்லை, சரி. அப்படியானால் எங்கே இருந்தது?

---

நொய்யல்கரை | ஆகஸ்ட் 20, இரவு 9:50

கோபம் இல்லை சார். இந்தக் கேள்விதான் எனக்குத் தேவைப்பட்டது.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நண்பன் ஜனவரியிலிருந்து பயிற்சி எடுத்தான். நான் தொடங்கியது மே நடுவில். அதிலும் வாரத்துக்கு மூன்று நாள், தட்டையான சாலையில் ஓட்டம். சுமையோடு ஏறியதே இல்லை. என் விமானம் ரத்தானதால் லேயில் மூன்று நாளுக்குப் பதில் இரண்டு நாள்தான் கிடைத்தது. தள்ளிப்போடலாமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. உச்சி இரவில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோனது. பையைக் கழற்றிப் புட்டியை எடுக்கச் சோம்பல். பன்னிரண்டரை முதல் ஒன்பது வரை நான் குடித்தது அரை லிட்டர் இருக்குமா என்று சந்தேகம்.

ஒன்பது மணிக்கு நான் தோற்கவில்லை என்று இப்போது தெரிகிறது. மே மாதத்தில், வீட்டு மாடியில், அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்த காலைகளில் நடந்தது அது. முன்பு தெரியாத ஒரு வெட்கம் இப்போது வந்திருக்கிறது. ஆனால் இந்த வெட்கத்தை வைத்து ஏதாவது செய்ய முடியும். அந்தப் பழைய வெட்கத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

நேற்று நண்பனைத் தொலைபேசியில் அழைத்தேன். கையுறையைப் பற்றி அவனுக்குத் தெரியவே தெரியாது. நான் கையசைத்துப் பதில் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். அந்தக் கை வெறுங்கை என்று மேலிருந்து தெரியவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்தப் பதிவை எடுத்துவிட்டான். நான் எடுக்கச் சொல்லவில்லை.

குறிஞ்சித்தேன், வழிகாட்டிக்கு எழுதிவிட்டேன். இந்தியில் எழுதினேன், அவருக்குப் படிக்கத் தெரியும். விரல்களின் படத்தையும் அனுப்பினேன். "நன்றாக இருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவுங்கள்" என்று ஒரு வரி வந்தது.

அடுத்த ஆண்டு மறுபடியும் போவதற்கு முன் உத்தரகாசியில் அடிப்படைப் பயிற்சி முடிக்கலாம் என்று நினைக்கிறேன். நீலமலைச்சாரல் அம்மா, எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

---

நீலமலைச்சாரல் | ஆகஸ்ட் 21, காலை 5:40

இன்றே. இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். நான்கு வாரம் விடுப்பு வேண்டும் என்று அலுவலகத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். மருத்துவச் சான்றிதழ் வாங்கும்போது விரல்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு முறை பனிக்கடி பட்ட விரல் அடுத்த முறை எளிதில் அகப்படும். கையுறைக்குள் மெல்லிய உள்ளுறை ஒன்று கட்டாயம். தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். வாய் அகலமான புட்டியைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, தலைகீழாகப் பையில் வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அதனால் மூடி கடைசியில் உறையும்.

---

விடாக்கண்டன் | ஆகஸ்ட் 21, காலை 6:30

நொய்யல் கரை என்றால் கோவைப் பக்கம்தானே? நானும்தான். வரும் சனிக்கிழமை அதிகாலை ஐந்தரைக்கு மருதமலை அடிவாரத்துக்கு வாருங்கள். பையில் பத்து லிட்டர் தண்ணீர். மேலே போனதும் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முழங்காலுக்கு நல்லது. முதல் வாரம் இரண்டு முறை ஏறினால் போதும். ஒவ்வொரு வாரமும் இருப்பேன், மழை பெய்தாலும்.

---

நொய்யல்கரை | ஆகஸ்ட் 21, காலை 6:34

வருகிறேன் சார். ஐந்தேகாலுக்கே நிற்பேன்.